ஒரு வெள்ளிக்குள் ஒரு கோடி வெள்ளி

மணக்குடிக் கடற்கரையில் வைகாசி அமாவாசை ராத்திரி நான் போட்ட கூச்சலில், வள்ளத்தடியில் படுத்திருந்த பெரியவர் எழுந்து ஓடி வந்தார்.

"பாம்பு கடிச்சிட்டா மக்கா?"

"இல்ல பாட்டா, ஒமேகா சென்டாரி!"

நான்கு வருஷமாக என்னிடம் இருந்தது 3 அங்குலத் தொலைநோக்கி. பெட்டியில் "500 மடங்கு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நம்பி வாங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஆடிக்கு 150 மடங்கைத் தாண்டினால் கிடைப்பது பெரிய மங்கல், அவ்வளவுதான். நிலாவுக்கும் சனி வளையத்துக்கும் அது போதும். மற்றதற்கெல்லாம் வேண்டியது ஆடியின் அகலம். இருட்டில் நம் கண்ணின் பாவை அதிகம் போனால் 7 மில்லிமீட்டர் விரியும். 8 அங்குல ஆடியோ 200 மில்லிமீட்டர். பரப்பைக் கணக்குப் போட்டால் எண்ணூறு கண்கள் சேர்ந்து ஒரே இடத்தைப் பார்ப்பதற்குச் சமம்! அப்படி ஒன்றைப் புதிதாக வாங்கி, அன்றைக்குப் பழையதையும் பக்கத்தில் வைத்திருந்தேன்.

தெற்கே கடலுக்கு மேல் குருசு வெள்ளி நிமிர்ந்து நின்றது. அதற்கு மேலே, கொஞ்சம் இடப்பக்கம், வெறுங்கண்ணுக்கு மங்கலாக ஒரு புள்ளி, அதுதான் ஒமேகா சென்டாரி. டெல்லிக்காரருக்கு அது அடிவானத் தூசிக்குள் 14 டிகிரியில் தத்தளிக்கும். நமக்கு 34 டிகிரி உயரத்தில் கண்ணெதிரே நிற்கும். எட்டாவது அட்சரேகையில் பிறந்ததன் கொழுப்பு எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.

பழைய குழாயில் பார்த்தேன்: யாரோ அரிசி மாவை ஊதிவிட்டது போல ஒரு புகைத் திட்டு. நாலு வருஷமும் அதைத்தான் பார்த்து மெச்சிக்கொண்டிருந்தேன். புதியதில் கண்ணை வைத்தேன். ஐயோ! தோவாளைச் சந்தையில் பிச்சி மொட்டைக் கூடையோடு கவிழ்த்தது போல, விளிம்பெல்லாம் தனித்தனியாக, நடுவில் குவியலாக, நட்சத்திரம், நட்சத்திரம், நட்சத்திரம். 17,000 ஒளியாண்டு தூரத்தில் ஏறத்தாழ ஒரு கோடி சூரியன்கள். கத்தாமல் என்ன செய்ய?

பாட்டாவும் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பேச்சில்லை. "எத்தன வருசம் இந்தப் பக்கம் வள்ளம் விட்டிருக்கேன். இது ஒத்த வெள்ளின்னுல்லா நெனச்சேன்."

அவரை யார் குறை சொல்ல முடியும்? அலெக்சாண்டிரியாவில் தாலமியும் ஒற்றை நட்சத்திரம் என்றுதான் பட்டியலில் சேர்த்தார். 1677இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து சிறிய தொலைநோக்கியில் பார்த்த எட்மண்ட் ஹாலிக்கு அது மங்கிய திட்டு. 1830களில் நன்னம்பிக்கை முனைக்கு 18 அங்குல ஆடியைக் கொண்டுபோன ஜான் ஹெர்ஷலுக்கு எண்ணி மாளாத நட்சத்திரத் திரள். பதினேழு நூற்றாண்டுக் கதையை மணக்குடி மணலில் பத்து நிமிஷத்தில் நடந்து முடித்துவிட்டோம்.

என் குழாயை ஒரு மரப்பெட்டியில் உட்கார வைத்துக் கையாலேயே திருப்புவார்கள். இந்த எளிய ஏற்பாட்டைப் பரப்பிய ஜான் டாப்சன் ஒரு வேதாந்தத் துறவி. 1900இல் விவேகானந்தர் தொடங்கிய சான்பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தின் மடத்தில் 1944இல் சேர்ந்தவர். கப்பல் ஜன்னல் கண்ணாடியை ஒளித்து ஒளித்துத் தேய்த்து ஆடி செய்திருக்கிறார். 1967இல் மடத்தை விட்டு அனுப்பிவிட்டார்கள். கிழக்கே விவேகானந்தர் பாறை இருக்கும் திக்கில் வானம் லேசாக வெளுத்திருந்ததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

இனி ஆசைக்கு அளவு இல்லை. ஜவ்வாது மலையில் காவலூரில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர், ஒரு லட்சம் கண்களுக்கு மேல்! ஆனால் காவலூரைவிட நாலரை டிகிரி உயரத்தில் நம்ம ஊரில் ஒமேகா சென்டாரி ஏறுகிறது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

வாங்கப் போகிறவர்களே, மடங்கைக் கேட்காதீர்கள், விட்டத்தைக் கேளுங்கள். உப்புக்காற்று ஆடியின் பூச்சைத் தின்னும், பார்த்து முடித்ததும் மூடி வையுங்கள். இடவப்பாதி மழை தொடங்குவதற்கு முந்தைய அமாவாசைக்கு மணக்குடிக்கு வந்தால் என் குழாய் அங்கே இருக்கும். பாட்டாவுக்கு அடுத்த முறை உங்களுக்கு.