நூலகத்தின் முகமும் வாசலும்

பழைய ஊர் ஒன்றின் நடுவே புதிதாய் ஒரு பல்கலைக்கழக நூலகம் எழ வேண்டுமானால் அதன் முகம் எவ்வாறு அமைய வேண்டும்? கோபுரமும் மாடமும் தாங்கி மரபைப் பறைசாற்ற வேண்டுமா? கண்ணாடியும் இரும்புமாய் நின்று நிகழ்காலத்தைக் காட்ட வேண்டுமா? இது கட்டடக் கலைஞர் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய வினா என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. செங்கற்பட்டு மறைமாவட்டத்தின் பங்குகளில் முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறும் பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். ஓர் அறையில் ஐவர் உறங்கும் வீட்டில் அவர்களுக்கென ஒரு மேசையும் விளக்கும் ஏது? ஊர் நடுவே திறந்திருக்கும் ஒரு வாசிப்பறை அவர்களுக்குப் பொழுதுபோக்கு அன்று. தேர்வில் வெல்வதற்கும் தோற்பதற்கும் இடைப்பட்ட வேறுபாடு அது.

இவ்வினாவை எழுப்ப நம் கடற்கரைக்குத் தனி உரிமையும் உண்டு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் கட்டடத்தையும் நூலகத்தையும் மரபுவழிக் கட்டடக்கலையின் அடிப்படையில் வடிவமைத்த வை. கணபதி ஸ்தபதி மாமல்லபுரத்துக்காரர் என்றே சொல்லத் தகுந்தவர். பிறந்தது பிள்ளையார்பட்டியில், 1927இல். ஆயினும் 1957இல் மாமல்லபுரத்தில் தொடங்கப்பெற்ற சிற்பக் கல்லூரியைத் தம் தந்தையார் வைத்தியநாத ஸ்தபதிக்குப் பின் ஏற்று நடத்தி, 1988இல் ஓய்வு பெற்று, 2011இல் மறையும்வரை உளியின் ஓசையோடு வாழ்ந்தவர். வள்ளுவர் கோட்டத்தையும் 2000ஆம் ஆண்டு குமரிமுனையில் நிறுவப்பெற்ற வள்ளுவர் சிலையையும் அறியாதார் இலர். அவர் வரைந்த நூலகத்தைப் பற்றித்தான் பேச்சு அதிகம் இல்லை. சிலையை அண்ணாந்து பார்க்கிறோம். நூலகத்தை அவ்வாறு பார்க்கத் தோன்றுவதில்லை போலும்.

அவரது நோக்கத்தை நாம் குறை கூற மாட்டோம். ஆங்கிலேயர் விட்டுச் சென்ற பொதுப்பணித்துறைப் பெட்டிகளுக்கு மாற்றாக, தமிழின் பெயரால் 1981இல் எழுந்த பல்கலைக்கழகம் தமிழ்க் கட்டட மொழியில் பேச வேண்டும் என எண்ணியது நியாயமே. நமது தயக்கம் வேறிடத்தில் தொடங்குகிறது. தஞ்சைக்கு ஏற்கெனவே ஒரு நூலகம் உண்டு. சரசுவதி மகால் அரண்மனைக்குள், ஊரின் நடுவில், கடைத்தெருக்களிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் நிற்கிறது. மன்னர்களின் சொத்தாய் இருந்து, இரண்டாம் சரபோசியின் காலத்தில் பெருகி, 1918இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. புதிய பல்கலைக்கழகமோ ஊருக்கு வெளியே ஆயிரம் ஏக்கர் அளவினதான வளாகத்தில் அமைந்தது. பழைய ஊரின் முகச்சாயலைத் தாங்கிய கட்டடம் அப்பழைய ஊரை விட்டே வெளியேறிவிட்டது. மரபின் உருவம் சென்ற இடத்துக்கு மரபின் தெரு உடன் செல்லவில்லை. அங்கே ஆய்வாளர் செல்வர். மாலையில் கடை மூடிய பின் புத்தகம் புரட்ட ஒரு தையற்காரரோ, தேர்வுக்குப் படிக்க ஒரு செவிலிய மாணவியோ செல்வது எளிதன்று.

மரபு என்றால் என்ன என்பதையும் இங்கே சற்றே நின்று பார்க்க வேண்டும். மாமல்லபுரத்து ஐந்து ரதங்களைக் காணச் செல்வோர் யானையையும் சிங்கத்தையும் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். திரௌபதி ரதத்தின் கூரையை உற்று நோக்கினால் அது ஓலைக் குடிசையின் கூரை என்பது விளங்கும். பீம ரதத்தின் நீண்ட கூரை வளைத்துக் கட்டிய வண்டிக் கூண்டின் வடிவம். சகாதேவ ரதம் யானையின் பின்புறம் போல் வளைந்து முடிகிறது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிக்கு முன்னால் அண்ணாந்து பார்த்துப் படியெடுக்கக் கற்கோயில்கள் வரிசையாக நிற்கவில்லை. மரத்தாலும் மூங்கிலாலும் ஓலையாலும் தம் மக்கள் கட்டி வாழ்ந்ததைக் கருங்கல்லுக்கு மொழிபெயர்த்தார் அவர். அக்காலத்தில் அது துணிச்சலான புதுமை. 1984இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் சின்னமாக ஏற்றது அந்தப் புதுமையைத்தான். இன்று அதையே அச்சாகக் கொண்டு சிமெண்டில் வார்த்து, 'இது மரபு' என நிறுத்துவோர் பல்லவரின் உளியைப் பின்பற்றுகிறார்களா, உளி உதிர்த்த சில்லுகளைப் பொறுக்குகிறார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. (கணபதி ஸ்தபதியை இக்கூட்டத்தில் நாம் சேர்க்கவில்லை. அவருக்கு இலக்கணம் தெரியும். அவர் பெயரைச் சொல்லிப் பேருந்து நிலையத்துக்கும் கலசம் வைப்போரைச் சொல்கிறோம்.)

கத்தோலிக்கராகிய நமக்கு இவ்விவாதம் புதிதன்று. 1963இல் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, எந்த ஒரு கலைப் பாணியையும் திருச்சபை தனக்கே உரியதாகக் கொள்ளவில்லை எனத் தெளிவாக்கியது. அதன் பின் நம் ஆலயங்கள் பலவற்றில் கோபுர வடிவும் தாமரைப் பீடமும் குத்துவிளக்கும் வந்தன. நல்லதே. ஆயினும் முகப்பு மட்டும் தமிழானால் போதுமா என்ற கேள்வி இன்னும் நம்மோடு இருக்கிறது. ஓர் எதிர்ச்சான்றைப் பாருங்கள். கோவளத்துக் கார்மேல் அன்னை ஆலயம் ஜான் டி மாண்டி என்ற வணிகர் எழுப்பியது. அதன் உருவம் கடல் கடந்து வந்தது. எந்த ஸ்தபதியும் அதை அளந்து கொடுக்கவில்லை. எனினும் அதை அயலார் கட்டடம் என்று கடற்கரை மீனவரிடம் சொல்லிப் பார்க்கட்டும்! வலையிழுத்த ஈரக் காலோடு நுழைய முடிந்த வாசல் அது. ஒரு கட்டடத்தை ஊர் தன்னுடையதாக்கிக் கொள்வது நெற்றியைப் பார்த்தன்று, வாசலைப் பார்த்தே என்பது நம் எண்ணம்.

நூலகத்தின் வாசலைப் பற்றி உலகுக்கே பாடம் சொன்னவர் நம்மவர். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் கணிதப் பேராசிரியராய் இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் வெளியான நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நூலகத்தின் இடத்தைப் பற்றிப் பேசுகையில் அவர் துணைக்கழைப்பது சிற்ப சாத்திரத்தை அன்று, கடைக்காரரை. பொருள் விற்க எண்ணுபவர் ஆள் நடமாட்டம் உள்ள தெருவில் கடை வைக்கிறார்; நூல் பயன்பட வேண்டுமென எண்ணுபவர் மட்டும் அதை ஏன் ஒதுக்குப்புறத்தில் வைக்க வேண்டும்? அதே 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்கள் ஊர் ஊராய்ச் சென்றன. வாசகர் வர இயலாவிடில் வாசலே புறப்பட்டுச் செல்லட்டும் என்பதல்லவா அதன் பொருள்!

அவரது பல்கலைக்கழக நூலகம் 1928வரை கன்னிமாரா நூலகத்தில் ஒண்டியிருந்து, 1936இல் சேப்பாக்கம் கடற்கரையில் சொந்தக் கட்டடத்தில் குடியேறியது. அருகில் சிசோம் வடித்த செனட் மாளிகை, 1870களின் படைப்பு. புதிய நூலகம் அம்முதிய அண்டை வீட்டாருடன் சண்டையிடாமல், அவர்களது இந்தோ-சரசானியப் பாணியை அடியொற்றியே எழுந்தது. பாணி கடன் வாங்கியதுதான். ஆனால் உள்ளே, வாசகர் தாமே அடுக்குகளுக்கு நடந்து சென்று நூலைத் தொட்டெடுக்கும் முறையை நிலைநாட்டியவர் அதன் நூலகர். வெளித்தோற்றத்தில் அடக்கமும் உள்ளமைப்பில் புரட்சியுமான இச்சேர்க்கை, முகத்தில் புரட்சி செய்து உள்ளே நூல்களைப் பூட்டி வைக்கும் இன்றைய கட்டடங்கள் சிலவற்றைவிட நமக்கு உயர்ந்ததாகத் தோன்றுகிறது.

அரங்கநாதனின் ஐந்தாம் விதி நூலகத்தை வளரும் உயிரென்கிறது. மரபுக் கட்டடக்கலைக்கு இதுவே கடினமான சோதனை. ஆயாதிக் கணக்கில் நீள அகலம் பொருந்தி, அச்சும் சமச்சீரும் கூடி முற்றுப்பெற்ற வடிவத்தில் ஒரு முழத்தைக் கூட்டினாலும் இலக்கணம் உடையும். கோயிலுக்கு அந்த நிறைவு அழகு. ஆண்டுதோறும் அடுக்கு நீளும் நூலகத்துக்கு அது இறுகிய சட்டை. ஆயினும் பழைய பெருங்கோயில்கள் தாமே எவ்வாறு வளர்ந்தன? கருவறையைத் தொடாமல் வெளியே சுற்றுச் சுற்றாக, மண்டபம் மண்டபமாக. மரபிலிருந்து நூலகம் கற்க வேண்டியது விமானத்தை அன்று, இந்தத் திருச்சுற்று வளர்ச்சியை என்போம்.

ஊர் நடுவே நூலகம் என்னும்போது யாழ்ப்பாணத்தை நினையாதிருக்க முடியாது. அது பல்கலைக்கழகத்தின் நூலகம் அன்று, பொது நூலகம். ஆனால் ஒல்லாந்தர் கோட்டைக்கு அருகில், நகரின் இதயத்தில் நின்றது. புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராயிருந்த அயர்லாந்துக் குரு லோங் அடிகளார் அதற்காக உழைத்தவர்களில் முதன்மையானவர். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிட முறையில் வரைபடம் தந்தார், அரங்கநாதன் ஆலோசனை வழங்கினார், 1959இல் திறக்கப்பட்டது. முகப்பில் கலைமகள் சிலை, அதன் பின்னே ஒரு கத்தோலிக்கக் குருவின் உழைப்பு. இதைவிட அழகிய பண்பாட்டு உரையாடலை எந்தக் கருத்தரங்கில் காண்போம்? 1981இல் மே மாத இறுதி இரவு தொடங்கிய தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அத்தீயைக் கல்லூரியிலிருந்து கண்ட பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் அதிர்ச்சியில் உயிர்நீத்தார்.

கட்டடம் பழைய உருவிலேயே புதுப்பிக்கப்பெற்று 2003இல் மீண்டும் இயங்கத் தொடங்கியது. எரிந்த சுவர்களை நினைவுச் சின்னமாக விட்டிருக்க வேண்டும் என்று வாதிட்டோர் உண்டு. வெள்ளைச் சுண்ணாம்பு கரியை மறைத்துவிடுகிறது என்ற அவர்கள் கவலையை நாம் மதிக்கிறோம். ஆயினும் மாணவர் மீண்டும் அமர்ந்து படிக்க ஓரிடம் கிடைத்ததே பெரிதென்று நம் மனம் சாய்கிறது. ஒரு மூலையிலேனும் ஒரு கரிந்த தூண் வெண்மை பூசப்படாமல் நின்றிருக்கலாம்.

இனி செங்கற்பட்டு. 2019இல் மாவட்டத் தலைநகராயிற்று. கொளவாய் ஏரி, விசயநகரத்தார் காலத்துக் கோட்டையின் எச்சம், இருப்புப்பாதைச் சந்திப்பு, 1965 முதல் இயங்கும் மருத்துவக் கல்லூரி, புனித சூசையப்பர் பேராலயம் எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் ஊர். ஆனால் உயர்கல்வி வளர்ந்தது நெடுஞ்சாலையோரம். ஜி.எஸ்.டி. சாலையிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் வளாகங்கள் மதிலெழுப்பி நிற்கின்றன. நூலகங்கள் அடையாள அட்டைக்குப் பின்னால் இருக்கின்றன. ஊர் நடுவே அவற்றில் ஒன்றேனும் வரவேண்டும் என்றால் உடனே எழும் மறுப்பு: இடமில்லை, இரைச்சல், தொல்லியல் தடை. தடை உண்மையே. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வேண்டும் என்பது 2010ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம். மாமல்லபுரத்தில் இது ஊரின் பெரும்பகுதியைத் தொடுகிறது. அதைத் தளர்த்தக் கேட்பது முறையாகாது. ஆனால் தடையை விட்டு விலகுவதற்கும் ஊரையே விட்டு விலகுவதற்கும் இடையில் எத்தனையோ தெருக்கள் இருக்கின்றனவே!

வடிவத்தைப் பொறுத்தவரை இம்மண்ணே பாதி விடையைத் தருகிறது. வீட்டுத் தளம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ எடை தாங்குமாறு கணக்கிடப்படுகிறது; நூலடுக்குகள் நிற்கும் தளத்துக்குக் குறைந்தது 600 கிலோ. எடையைப் பார்த்தால் நூல்களைத் தரையில் வைப்பதே சிக்கனம். ஆனால் 2004இன் ஆழிப்பேரலையும் 2015இன் வெள்ளமும் கண்ட மாவட்டம் இது. கடற்காற்றின் உப்பும் ஈரமும் ஓயாதவை. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65ஐத் தாண்டி நீடித்தால் தாளில் பூஞ்சை பிடிக்கும். எனவே செலவு கூடினாலும் நூல்கள் மாடிக்குச் செல்லட்டும். அப்போது கீழ்த்தளம் யாருக்கு? நாளிதழ் படிப்போருக்கும் தேர்வுக்குப் படிப்போருக்கும் மழைக்கு ஒதுங்குவோருக்கும். தெருவைப் பார்த்து ஒரு நீண்ட திண்ணை, நடுவில் காற்று இறங்கும் முற்றம், வடக்கு நோக்கிய சாளரங்கள், பின்புறம் வளர்வதற்கு ஒதுக்கிய வெற்று மனை. இவை எவையும் சிலைகள் அல்ல. எனினும் திண்ணையும் முற்றமும் செங்கற்பட்டின் பழைய வீதிகளுக்கு அந்நியமும் அல்ல. முகட்டின் உயரம் அண்டை வீடுகளைவிட மிகாதிருந்தால் கலசம் இல்லாமலே ஊர் அதை ஏற்றுக்கொள்ளும்.

நிலம் தேடுவோர் நம் பங்குகளையும் கேட்கட்டும். பள்ளி விட்டபின் வெறிச்சோடிக் கிடக்கும் கட்டடங்களும் திருவிழாவுக்கு மட்டும் திறக்கும் மண்டபங்களும் நம்மிடமும் உண்டு. வரைபடம் எதுவாயினும் முதலில் கேட்க வேண்டியவை சில: தெருவிலிருந்து மதிலின்றி நுழைய முடியுமா? வாசலில் அட்டை கேட்பார்களா? பரனூரிலிருந்தும் சதுரங்கப்பட்டினத்திலிருந்தும் வரும் மாணவி கடைசிப் பேருந்துவரை விளக்கின் கீழ் அமர்ந்திருக்கலாமா? விடை கிடைத்தபின் கூரையின் வடிவத்தை ஸ்தபதியிடம் விட்டுவிடலாம்.