அரூப ஓவியம்: ஒரு சொல்லாய்வு

மனிதரோ மரமோ அடையாளம் தெரியாத ஓவியம் எதுவாயினும் அதனை ‘அரூப ஓவியம்’ என்றழைப்பது தமிழில் வழக்காகிவிட்டது. இறையியல் பயில்வோர் இச்சொல்லை ஆராயாமல் ஏற்றல் தகாது. அரூபம் நமக்குக் கலைச்சொல்லாவதற்கு நெடுங்காலம் முன்னரே கடவுளைப் பற்றிய சொல்லாயிருந்தது.

சைவ சித்தாந்தம் இறைவனுக்கு உருவம், அருவம், அருவுருவம் என மூன்று நிலைகளை வகுக்கிறது. தென்காசி வட்டாரத்தில் ஊழியம் செய்வோர் குற்றாலத்துச் சித்திர சபையை அறிவர். நடராசருக்குரிய ஐந்து சபைகளுள் அது ஒன்று. அங்கே அவர் சுவரில் தீட்டிய ஓவியமாகவே வழிபடப்பெறுகிறார். அது உருவம். சிதம்பரத்திலோ திரைக்குப் பின்னே வெற்றிடமும் பொன் வில்வ மாலையுமே உள்ளன. அதுவே அருவம். அப்படியிருக்க, வண்ணம் தோய்ந்த துணியை அரூபம் என்பது எங்ஙனம் பொருந்தும்?

மேனாட்டார் இதற்கு வழங்கும் சொல்லின் இலத்தீன் வேர் ‘இழுத்துப் பிரித்தல்’ என்று பொருள்படும், உருவின்மை என்றன்று. சாரல் காலத்தில் பேரருவி பொங்குமாகடலில் விழுந்து மீண்டும் பொங்கி வழிகிறது. பாறையையும் மரத்தையும் குளிப்போர் கூட்டத்தையும் நீக்கி, அந்த வீழ்ச்சியை மட்டும் ஒருவர் வெண்கோடுகளாகத் தீட்டினால், அவர் உருவத்தை அழித்தவரல்லர், ஒன்றைப் பிரித்தெடுத்தவர். காண்டின்ஸ்கி 1913இல் தீட்டிய ‘ஆறாம் இயைபு’ ஜலப்பிரளயத்தைக் கருவாகக் கொண்டு தொடங்கிய படம். பேழை கண்ணுக்குத் தெரியவில்லை, பிரளயம் தெரிகிறது.

இச்சொல்லால் விளையும் கேடு சிறிதன்று. அரூப ஓவியத்தில் சொரூபம் இல்லை, ஆதலால் ஆலயச் சுவருக்கு அதுவே ஏற்றது, இரண்டாம் கற்பனை (லுத்தரன் சபையார் எண்ணிக்கையில் முதலாம் கற்பனையின் பகுதி) மீறப்படவில்லை என்று வாதிப்போர் உளர். கற்பனை தடுப்பது வணங்குதலை என்பதை இவ்வாதம் மறக்கிறது. வேறு சிலர் ‘உருவமற்றது, ஆகவே பொருளற்றது’ என்று தள்ளிவிடுகின்றனர். இரு சாராரும் படத்தைப் பாராமல் பெயரைப் பார்த்தே தீர்ப்பளிக்கின்றனர்.

கொலோசெயர் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் நம் வேத மொழிபெயர்ப்பாளர் கடவுளை ‘அதரிசனமான’ என்றனரேயன்றி அரூபம் என்றனரல்லர். அடுத்தே ‘தற்சுரூபம்’ என்றும் எழுதினர். காணப்படாமை வேறு, உருவின்மை வேறு. ஓவியத்திலோ காணப்படாதது எதுவுமில்லை, பெயரிடப்படாதவையே உள்ளன.

எனவே அருவி போன்ற படத்தைப் ‘பிரித்தெடுத்த வடிவ ஓவியம்’ என்றும், காண்டின்ஸ்கி 1926இல் தீட்டிய ‘பல வட்டங்கள்’ போன்றவற்றைப் ‘பொருள் சுட்டா ஓவியம்’ என்றும் வழங்கலாம். சொல் நீளமே, ஆயினும் பொய் சொல்லாது. சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை 1966இல் தோற்றுவித்த கே. சி. எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை இவ்விரண்டிலும் அடங்காது. எழுத்துப் போன்ற கோடுகளும் சாதகக் கட்டங்களும் நிறைந்த அப்படங்களுக்குக் ‘குறியீட்டு ஓவியம்’ என்னும் பெயரே போதும்.