கூப்பிட்ட பெயருக்குப் பதில்

காசிக்குப் போக முடியாதவர்கள் தென்காசிக்கு வந்தால் போதும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் இங்கே கோயில் எழுப்பியதற்குச் சொல்லப்படும் கதையும் அதுதான். விசுவநாதர் ஒருவரே, முகவரி இரண்டு. தொலைபேசி சிக்னலிங்கில் வேலை பார்த்தவரிடம் இதைச் சொன்னால், "விர்ச்சுவல் பாயின்ட் கோடு!" என்று சிரிப்பார்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் எஸ்டிடி எண் 04633. அது நமக்கான எண். எக்ஸ்சேஞ்சுகள் தங்களுக்குள் சேதி அனுப்பும்போது உறைமேல் எழுதுவது வேறு எண். எக்ஸ்சேஞ்சுகள் பேசிக்கொள்ளும் எஸ்.எஸ்.7 என்ற சிக்னலிங் முறையில் அதன் பெயர் பாயின்ட் கோடு. நம் நாட்டில் அது 14 பிட், அதாவது 16,384 எண்களுக்கு இடம்.

அந்த உறையைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்க்க வேண்டும். போகுமிடத்துக்கு 14 பிட், புறப்பட்ட இடத்துக்கு 14, எந்தத் தடத்தில் அனுப்புவது என்பதற்கு 4. கூட்டினால் 32, சரியாக 4 பைட். 14 என்பது பைட் கணக்கில் அடங்காத எண். அதனால் போகுமிடம் முதல் பைட்டை முழுசாக எடுத்துக்கொண்டு இரண்டாவதில் 6 பிட் வரை கால் நீட்டுகிறது. மிச்சமுள்ள 2 பிட்டில் புறப்பட்ட இடம் ஒண்டுக்குடித்தனம் தொடங்குகிறது. மூன்றாவது பைட் முழுக்க அதற்கே. நான்காவதில் பாதி அதற்கு, பாதி தடத்துக்கு. ஒரு பிட்கூட வீணில்லை. திட்டம் போட்டவர்கள் கட்டுசெட்டான குடும்பத்தில் வளர்ந்திருக்க வேண்டும்.

சிக்கனத்துக்கு விலையும் உண்டு. அடுத்தடுத்த இரண்டு நோடுகளுக்கு, அதாவது எக்ஸ்சேஞ்ச் போன்ற முனைகளுக்கு, நடுவே சேதி போகும் தடமான லிங்க்கின் எண்ணுக்கு 4 பிட்தான், எனவே 16 லிங்க்குக்கு மேல் போட முடியாது. பேச்சுக்கான சர்க்யூட் எண்ணுக்கு 12 பிட், 4096-உடன் சரி. போக்குவரத்து பெருகி 17வது லிங்க் வேண்டுமென்றால்? அதே நோடுக்கு இன்னொரு பாயின்ட் கோடு கொடுத்துவிடுவார்கள்; தொடக்கத்தில் சொன்ன விர்ச்சுவல் பாயின்ட் கோடு இதுதான். எதிர்முனை, ஏதோ புது எக்ஸ்சேஞ்ச் வந்திருக்கிறது என்று நம்பி இன்னொரு 16 லிங்க்கையும் 4096 சர்க்யூட்டையும் ஒதுக்கும். விதியில் ஓர் எழுத்தும் மாறவில்லை, பெட்டியும் கூடவில்லை. எனக்கு இந்தக் குறும்பு ரொம்பப் பிடிக்கும்.

குற்றாலத்துச் சிற்றாறும் இப்படித்தான், மேலே தேனருவி, நடுவே செண்பகாதேவி, கீழே பேரருவி என்று ஒரே தண்ணீருக்கு இடத்துக்கொரு பெயர் என்று சாரலில் நனைந்தபடி ஒருமுறை நினைத்துக்கொண்டேன். ஆனால் தண்ணீர் இறங்கும், திரும்பி ஏறாது. சிக்னலுக்கு மறுமொழி உண்டு. நயமும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் எண்ணைக் குறித்து வந்த சேதிக்கு முதல் எண்ணிலிருந்து பதில் போகக் கூடாது. புறப்பட்ட எண், போகும் எண், சர்க்யூட் எண் மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் எதிர்முனை ஓர் அழைப்பை அடையாளம் காண்கிறது. ஒன்று பிசகினாலும் "நீங்க யாரு?" என்கிற மாதிரி அந்தப் பதிலை ஒதுக்கிவிடும். வீட்டில் ராசு, ரேஷன் கார்டில் ராஜசேகர் என்றால், எந்தப் பெயரில் கூப்பிட்டார்களோ அந்தப் பெயரில்தான் "வந்துட்டேன்" சொல்ல வேண்டும். கூப்பிட்ட பெயரை நோடு அந்த அழைப்பு முடியும்வரை மறப்பதில்லை.

இதை அமைக்கிறபோது தடுக்கி விழ ஓர் இடம் இருக்கிறது. சர்வதேச வழக்கில் 14 பிட்டை 3, 8, 3 என்று பிரித்து எழுதுவார்கள். 4-2-1 என்று ஒருவர் சொல்வதும் 8209 என்று இன்னொருவர் சொல்வதும் ஒரே எண்தான். ஒரே மேசையில் இருவரும் உட்கார்ந்து, உன் எண் தப்பு, என் எண் சரி என்று வாதாடலாம்.

எண் கைமாறுவதும் உண்டு. பழைய எக்ஸ்சேஞ்சை நிறுத்தும்போது, அதன் பாயின்ட் கோடைப் புதிய நோடுக்கு இரண்டாம் எண்ணாக எழுதிவிடலாம். பழைய பெட்டி கழற்றப்பட்டு இரும்புக் கடைக்கே போயிருக்கும். சுற்றியுள்ள எக்ஸ்சேஞ்சுகள் அதே பழைய எண்ணுக்குச் சேதி அனுப்பிக்கொண்டிருக்கும், பதிலும் அந்த எண்ணிலிருந்தே வந்துகொண்டிருக்கும்.