குவேனி கரையும் கலப்புக் காதலும்

புத்தளம் மாவட்டத்தின் வடகோடியில், வில்பத்துக் காட்டின் மேலெல்லையாய்க் கடலுள் நீண்டு கிடப்பது குதிரைமலை முனை. விசயன் தன் தோழரோடு வந்திறங்கிய தம்பபண்ணி இம்முனையே என்பாருளர். வேறிடம் காட்டுவாரும் உளர். இடம் யாதாயினும், வேற்றினத்தார் இருவரின் கூட்டுறவை உரைக்கும் இலங்கையின் பழங்கதை இவ்வடமேற்குக் கரையைச் சார்ந்தே வழங்குகின்றது. பிற்காலத்து நாவலும் திரைப்படமும் அப்பழங்கதையின் அச்சிலிருந்து எவ்வளவு தூரம் விலகின என்பது ஆராயத்தக்கது.

விசயன்பாற் குவேனி கொண்ட உறவை மகாவமிசம் காதலாகப் பாடவில்லை; ஓர் ஒப்பந்தமாகவே கூறுகின்றது. மரத்தடியில் நூல் நூற்றிருந்த அவ்வியக்கி, விசயன் அச்சுறுத்தியபின் அவன் தோழரை விடுவிக்கின்றாள். அரசைப் பெற்றுத்தருவதாக வாக்களிக்கின்றாள். தன் இனத்தார் மணவிழாவொன்றிற் கூடியிருந்த வேளையை அறிவித்து அவர்களை அழிக்கும் வழியையுங் காட்டுகின்றாள். காரியம் முடிந்தபின், முடிசூடுதற்குக் குலமகள் வேண்டுமென மதுரைக்குத் தூது செல்கின்றது. குவேனி இரு மக்களுடன் வெளியேற்றப்பட்டு, ஒற்று வந்தவளென்று தன்னினத்தாராலேயே கொல்லப்படுகின்றாள்.

ஈண்டு நோக்கத்தக்கது பாண்டியன் மகளின் நிலை. அவளும் வேற்றினத்தாளே. ஆயினும் அவள் தோழியரோடும் பதினெண் தொழிற்குழுவினரோடும் வந்தாளென்று கூறி நூல் மேற்செல்கின்றது. அவளைப் பற்றி அதன்மேற் கதையில்லை. சுற்றத்தோடு வந்தவள் அரசியாகிப் பெயரளவில் நிற்க, சுற்றத்தை அழித்து வந்தவளே கதைத்தலைவியாகி மக்கள் நாவில் நிலைத்தாள். கென்றி ஜயசேனா 1963ஆம் ஆண்டிற் சிங்கள மேடைக்குத் தந்த 'குவேனி' அவள்பக்க நியாயத்தை உரைக்க முற்பட்ட நன்முயற்சி. அங்கும் அவள் கைவிடப்பட்டவளே.

தமிழ் அகப்பொருள் மரபில் உடன்போக்கு என்றொரு துறை உண்டு. தலைவி இல்லந் துறந்து தலைவனோடு பாலைவழி செல்கின்றாள். அத்துறைப் பாடல்களுட் பல, செல்லும் இருவரை விடுத்து, பின்னே நிற்கும் நற்றாயையும் செவிலியையும் பேசவைக்கின்றன. மகள் விளையாடிய பொருளைக் கண்டு தாய் புலம்புகின்றாள். செவிலி எதிர்ப்படுவாரை வினவிக்கொண்டு சுரத்திடை நடக்கின்றாள். காதலைக் குறைகூறாமலே, விடப்பட்ட வீட்டுக்கும் ஒரு குரல் உண்டென்று அப்பாடல்கள் உணர்த்துகின்றன.

இவ்வுரைகல்லில் வைத்து நோக்கத்தக்கது நிகால் டி சில்வா ஆங்கிலத்தில் எழுதி, 2003ஆம் ஆண்டுக்குரிய கிரேஷியன் பரிசு பெற்ற 'ஆனையிறவிலிருந்து வரும் பாதை' என்னும் நாவல். சிங்களப் படைத்தலைவன் வசந்தனும், புலிகள் இயக்கத்திலிருந்து இரகசியச் செய்தியோடு வரும் கமலாவும் போரினிடையே அகப்பட்டுக் கால்நடையாய்த் தெற்கு நோக்கி வருகின்றனர். வில்பத்துக் காடே அவர்களின் பாலைநிலம். பறவைகளை இனங்காணும் ஆர்வம் இருவருக்கும் பொது. இனப்பிரச்சினை பற்றியோ ஓயாத வாதம். இவ்வாதங்களே நூலின் சிறப்பு. கமலா வாய்மூடி நிற்கும் பேதையல்லள். எதிர்த்துரைக்கின்றாள், சினக்கின்றாள், காட்டை அறிந்தவளாய் நடக்கின்றாள். காட்டு விவரங்களும் கண்ணாரக் கண்டவர் எழுத்தாகவே உள்ளன. ஆனால் அவளும் தன்னவரைக் காட்டிக்கொடுக்கும் செய்தியோடேயே கதையினுட் புகுகின்றாள். வசந்தனுக்குப் படையும் பதவியும் உள. அவளுடைய சுற்றமோ அவள் சொல்லும் பழைய நினைவுகளளவில் நின்றுவிடுகின்றது. தேடிவரும் செவிலி இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகட்குப் பின்னும், அதே காட்டோரத்தில், குவேனிக்கு இடப்பட்ட நிபந்தனையே கமலாவுக்கும் இடப்பட்டது. ஆசிரியர் தாம் நேசித்த அவ்வில்பத்துக் காட்டிலேயே 2006ஆம் ஆண்டு மே மாதத்திற் கண்ணிவெடிக்கு இரையானார் என்பது நெஞ்சை உறுத்துஞ் செய்தி. சந்திரன் ரத்தினம் இந்நாவலைப் படமாக்கினார்.

'சருங்கலே' (1979) இவ்வச்சினின்று ஓரளவு விலகியது. சுனில் ஆரியரத்ன இயக்கிய அப்படத்திற் காமினி பொன்சேகா யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர் நடராசாவாகத் தோன்றி, சிங்கள அயலாரிடையே வாழ்ந்து, 1958ஆம் ஆண்டுக் கலவரத்தில் மாள்கின்றார். இங்கே எல்லை தாண்டுபவன் ஆண். அவனுக்குப் பின்னே ஊரும் குடும்பமும் சாதிச் சிக்கலும் உள. தமிழனாக நடித்தவர் சிங்களவரே என்பதையும் உடன் கூறல் வேண்டும்.

பிரசன்ன விதானகேயின் 'ஒப நெத்துவ ஒப எக்க' (2012) இவையனைத்தினும் துணிவுடையது. தஸ்தயேவ்ஸ்கியின் சிறுகதையொன்றைத் தழுவிய அதில், மலைநாட்டு நகரொன்றில் அடகுக்கடை நடத்தும் சரத்சிரியிடம் நகை அடகுவைக்க வருகின்றாள் செல்வி. மணம் நிகழ்கின்றது. கணவன் முன்னாட் படைவீரன் என்பது தெரிந்தபின் இருவரிடையே நிலவும் மௌனமே படத்தின் பொருள். செல்வி எவரையுங் காட்டிக்கொடுத்து வந்தவளல்லள். அவள் இழந்த வீடு, அழைக்கப்படாத விருந்தாளியாய் அவ்விருவரிடையே வந்து அமர்ந்துகொள்கின்றது. செவிலியின் குரல் ஒருவாறு இங்கே கேட்கின்றது எனலாம். இத்தகைய படம் 2014ஆம் ஆண்டிற் சென்னையில் மிரட்டலால் திரையிடப்படாது நிறுத்தப்பட்டது. படத்தைக் காணாமலே அதன் பகைமையை அளந்தோர் செயல் அது. செல்வியாக நடித்தவர் மராட்டிய நடிகை அஞ்சலி பாட்டீல் என்பதும் கருதற்பாலது: தமிழ்ப்பெண்ணின் துயர் திரைக்கு வந்தும் தமிழ் நடிகை வந்தாளில்லை.

இக்கரை வாழ்வோ வேறு. முன்னேசுவரத்துத் திருவிழாவுக்குச் சிங்களவரும் தமிழரும் ஒருங்கே வருவர். தலவில அன்னம்மாள் ஆலயத்தில் இருமொழியிலும் செபம் ஒலிக்கும். சிலாபக் கரையின் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றிற் பாட்டி தமிழ் பேச, பேரப்பிள்ளைகள் சிங்களப் பள்ளியிற் கற்றனர். இவ்வீடுகளிற் கலப்பு மணம் போர்க்களத்து விபத்தன்று. சீதனம், சமயம், இழவு வீட்டில் எம்மொழியில் அழுவது என்னும் நாளாந்த வழக்கு. பிள்ளையை எம்மொழிப் பள்ளியிற் சேர்ப்பதென்று தாயுந் தந்தையும் அடுப்படியில் நின்று வாதாடும் காட்சியை மேற்கூறிய படைப்புக்களுள் யாதொன்றும் எழுதவில்லை.