தாத்தா காலத்து மழை

காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பில் ஒரே ஒரு எண்ணைக் கவனியுங்கள். ஆற்றில் தண்ணீர் 740 டி.எம்.சி. பழைய வருஷங்களின் நீரோட்டத்தை வைத்துப் போட்ட கணக்கு. நம்பகம் 50 சதவிகிதம். அதாவது, இரண்டு வருஷத்தில் ஒரு வருஷம் அவ்வளவு வராது! வராவிட்டால்? அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ள வேண்டுமாம். எந்த மாதம், எவ்வளவு என்று கேட்டுத்தான் 2012, 2016, 2023-ல் கோர்ட் படியேறினோம்.

பூமி சூடாகச் சூடாக, மழை கொட்டினால் மொத்தமாகக் கொட்டுகிறது, இல்லையென்றால் காய்கிறது. 2018-ல் மேட்டூர் நிரம்பி வழிந்தது. 2023-ல் டெல்டாவில் குறுவை கருகியது. சராசரி பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். பயிர்தான் இருக்காது.

2018-ல் சுப்ரீம் கோர்ட் பங்குகளை மாற்றியது, 740-ஐத் தொடவில்லை. 15 வருஷத்துக்கு மாற்றமில்லை என்றும் சொல்லிவிட்டது. 2033-லாவது, பெய்த மழையை விட்டுவிட்டுப் பெய்யப்போகும் மழைக்குக் கணக்குப் போடுவார்களா?