பதியம் போடும் கை

மதுரை மல்லிகையின் மணத்தைப் புகழ்ந்தவர் அநேகர்; 2013-ஆம் ஆண்டில் அது புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. ஆனால், அந்தச் செடியை வம்சம் அறாமல் பெருக்கிவரும் கைகளின் சாமர்த்தியத்தை வியந்தவர் சொற்பம். குண்டுமல்லி விதையால் பெருகுவதில்லை. ஆகையால் திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் திருப்பரங்குன்றத்தைச் சுற்றியும் காணும் தோட்டங்கள் யாவும், என்றோ ஒருவர் ஒரு கிளையை வளைத்தோ, குச்சியை நறுக்கியோ மண்ணில் ஊன்றியதனால் உண்டானவையே.

எனக்குப் பதியத்தின்மீது தனிப்பிரியம் உண்டு. மிக இளசாகவும் மிக முற்றலாகவும் இராத ஒரு கிளையைத் தேர்ந்து, கணுவை ஒட்டிக் கத்தியால் பாதியளவே சாய்வாகக் கீறி, கீறிய இடம் மண்ணுக்குள் அமிழவும் நுனி வெயிலைப் பார்க்கவும் வளைத்து, மேலே ஒரு கல்லை வைத்து ஈரம் காயாமல் காப்பதே அதன் கிரமம். இலைகள் சமைத்து அனுப்பும் ஆகாரம் கீறலில் தடைப்பட்டுத் தேங்க, அங்கே வேர் முளைக்கிறது. வெட்டுப்படாத மறுபாதியோ தாய்ச்செடியின் நீரை இடைவிடாமல் கொண்டுவருகிறது. மூன்று நான்கு மாதம் சென்று, சொந்த வேரால் பிழைக்கும் சக்தி வந்த பிறகே பிரிவு நேர்கிறது என்பதில், வேறெந்த முறையிலும் காணாத ஒரு தயை இருப்பதாக நான் நினைக்கிறேன்.

சம்பங்கியும் கல்வாழையும் கிழங்கைப் பிரித்து நட்டால் போதும். செம்பருத்தியை அப்படிப் பிளக்கலாகாது. ஒரே அடித்தண்டில் நிற்கும் செடி அது. அதற்குக் குச்சி நடலாம். அல்லது பட்டையை வளையமாக உரித்து, ஈரப்பாசி பொதிந்து விண்பதியம் கட்டலாம்.

வியாபாரத்துக்கு ஆயிரக்கணக்கில் நாற்று வேண்டுமானால் பதியம் கட்டுப்படியாகாது, குச்சிதான் கதி. மதுரைத் தோட்டங்களுக்கு வேண்டிய நாற்றுகள் இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து வருகின்றன. நீரைத் தேக்காத அந்த மணலில் குச்சியின் வெட்டுவாய் எளிதில் அழுகுவதில்லை; பிடுங்கும்போதும் இளவேர் அறுபடாமல் மணல் தானாக உதிர்ந்துவிடுகிறது. அங்கே வேர்விட்ட செடி, மதுரையில் ஒன்றேகால் மீட்டர் இடைவெளியில், மட்கிய தொழுவுரமிட்ட குழிகளில் குடியேறுகிறது. பின்னர் ஆண்டுதோறும் நவம்பர்க் கடைசியில் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்துக்குக் கவாத்து செய்துவிட, மார்ச்சில் புதுத்தளிர்களின் நுனிதோறும் அரும்பு கட்டுகிறது.