நெருக்கடியும் நேரசூசியும்

திருகோணமலைச் சீனக்குடாவில் பிரித்தானியர் விட்டுச்சென்ற 99 எண்ணெய்த் தாங்கிகள் உள்ளன. அவற்றைப் பங்கிடும் ஒப்பந்தம் 2022 ஜனவரியில் கைச்சாத்தாயிற்று. அதே ஆண்டு ஜூனில், எண்ணெய் வாங்க அந்நியச் செலாவணி இன்றி நாட்டின் நகர்ப்புறப் பாடசாலைகள் மூடப்பட்டன. தாங்கிகள் நிற்கும் துறைமுக நகரின் பிள்ளைகளும் வீட்டிலேயே இருக்க நேர்ந்தது. ஜூலை 25இல் பாடசாலைகள் திறக்கப்பட்டபோது, வாரத்திற்கு மூன்று நாட்களே வகுப்பு நடந்தது.

இதனைத் தவிர்க்கவியலாத சிக்கனம் என்று நியாயப்படுத்துவோர் உளர். எரிபொருள் இல்லை என்பது மெய்யே. ஆயினும், குறைந்த நாட்களின் பாடத்தை யார் கற்பித்தார்கள்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனியார் வகுப்பு கற்பித்தது. கொழும்பு விலைச் சுட்டியின்படி அவ்வாண்டு செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அரிசிக்கே அல்லலுற்ற மீனவக் குடும்பம் வகுப்புக் கட்டணத்திற்கு எங்கே போகும்? க.பொ.த. பரீட்சையோ இருவருக்கும் ஒன்றே.

இம்மாவட்டத்தில் பாடசாலைக்குச் செல்லும் வழியே ஒரு பிரச்சினை. 2021 நவம்பர் 23இல், கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலவேலை முடியாதிருந்த காலத்தில் ஓடிய மிதவைப்படகு கவிழ்ந்து, பள்ளிச் சிறாரும் மாண்டனர். இத்தகைய இடத்தில் ஒரு வகுப்பு நாளை வெட்டுவதும் தலைநகரில் வெட்டுவதும் சமமாகுமா?

முன்னொரு நெருக்கடியை நினைவுகூர்தல் தகும். 1971 இளைஞர் கிளர்ச்சியின் பின், 1972இல் பாடத்திட்டமே மாற்றப்பட்டது. இடைநிலை வகுப்புகளில் தொழில்முன்னிலைப் பாடங்கள் நுழைந்தன. உழைப்பைப் பாடமாக்கிய அத்திட்டம், கற்றவனுக்கு வேலையை உண்டாக்கவில்லை. 1977இல் ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. குறைகள் பலவெனினும், எதைக் கற்பிப்பது, எதற்காகக் கற்பிப்பது என்ற வினாவை அது எழுப்பிற்று. 2022இன் நிர்வாகமோ நாட்களை எண்ணுவதோடு நின்றுவிட்டது.

பாடசாலை நேரத்துள் கற்பிக்க முடிந்ததை மட்டுமே பரீட்சை கேட்க வேண்டும். தூரத்துப் பிள்ளையின் போக்குவரத்துக்கே எரிபொருளில் முதலிடம் வேண்டும். நாடு ஏன் கடனாளியாயிற்று, சீனக்குடாத் தாங்கிகளின் வரலாறு யாது என்பனவும் சமூகக்கல்வியில் இடம்பெற வேண்டும். இவற்றைக் கேட்கும் கடமை ஆசிரியர் சங்கங்களுக்கும் மாணவர்க்கும் உண்டு.

கன்னங்கரா முன்னின்று போராடிய இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. அதனை ஒழிக்கச் சட்டம் எதுவும் தேவையில்லை. நேரசூசியில் இரண்டு நாட்களைக் குறைத்துவிட்டு, மிகுதியைச் சந்தையிடம் விட்டால் போதும்.